சீப்புச் சீடைக் கம்பி

கண்டரமாணிக்கம்
15.6.2025

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிரிப்பதென்றால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி. வரிகள் மேலே ஏறும், கீழே இறங்கும், சில எழுத்துகள் படுத்தே விடும். அழுத்தி எழுதித் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. பொறுத்துக்கொள். போன ஞாயிறு தொடங்கிய கடிதம் இது. இன்றுதான் முடிகிறது.

நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ரைஸ் மில்லில் என் காது போன நாளிலிருந்து போனில் உன் குரலை நான் கேட்டதில்லை. நீ சொல்வதை எல்லாம் உன் அம்மா வாங்கி, பாதியை அவளே வைத்துக்கொண்டு, மீதியை என் வலது காதில் கத்துவாள். இனி அவள் தயவு எனக்கு வேண்டாம். நான் எழுதுவதைப் பார்த்து, "யாருக்கு எழுதுறீக, கலெக்டருக்கா?" என்கிறாள். பொறாமை.

எழுத்து எப்படி வந்தது என்று கேட்பாய். காரைக்குடியில் எங்கள் பலகாரக் கம்பெனிக்குப் பின் தெருவில் பெரியவர்களுக்கு மூன்று மணிக்கு வகுப்பு நடக்கிறது. வேலை நேரத்தில் எப்படிப் போகிறேன்? அது ஒரு ரகசியம். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

சீப்புச் சீடை மாவை அச்சில் பிழிந்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றாக விரலில் சுற்றி ஒட்ட வேண்டும் அல்லவா? மாசி மாதம் எங்கள் மேசையில் சீடை சுற்றும் வீரலட்சுமிக்கு விரலில் அரிவாள்மனை வெட்டிவிட்டது. லீவு போட்டால் சம்பளம் போகும் என்று ஜல்லிக்கரண்டிக் காம்பில் சுற்றிப் பார்த்தாள். மாவு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் சுற்றும் புஷ்பவள்ளி சிரித்தாள், பிறகு காம்பில் அரிசி மாவைத் தூவிக் கொடுத்தாள். வழுக்கி வந்துவிட்டது. வேன் ஓட்டும் ஈஸ்வரன் நீளமான எவர்சில்வர் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து முனையைத் தேய்த்துத் தந்தான். இப்போது ஒருத்தி பிழிய, ஒருத்தி துண்டு போட, இரண்டு பேர் கம்பியை உருட்டினால் ஒரு வரிசைச் சீடை ஒரே இழுப்பில் தட்டில் விழுகிறது. அன்றாட அளவு மூன்று மணிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மீதி நேரம் பெண்கள் காலை நீட்டி உட்காருகிறார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறேன். சின்ன முதலாளி கார்த்திகேயன் வந்து கேட்டால், "அண்ணன் விறகு பாக்கப் போயிருக்காக" என்று சொல்லிவிடுவார்கள்.

கை வலிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் அப்பா
மாயக்கண்ணன்


ஓசூர்
29.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஹாஸ்டலில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு எழுத்துகூட எனக்குப் புரியாமல் இல்லை. கிழிந்த இடத்தில் மட்டும் நானே நிரப்பிக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள், நான் அழுதுவிட்டேன்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்தால் அம்மாவைப் போனில் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் ஃபாக்டரியைப் பற்றிக் கேட்பீர்கள். எழுத ஒன்றுமில்லை. எப்போதும் போலத்தான்.

அப்பா, ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்தக் கம்பி விஷயம் உங்கள் மேசைக்காரர்களுக்குள்ளேயே இருக்கட்டும். அது அவர்கள் கண்டுபிடித்தது. அந்த மீதி நேரமும் அவர்கள் சம்பாதித்தது.

அன்புடன்
அனுசுயா


கண்டரமாணிக்கம்
27.7.2025

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். முழங்கால் பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தத் தடவை எழுத்து நேராக இருக்கிறதா? கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். பெரிய சேதி இருக்கிறது.

சின்ன முதலாளி பெங்களூரில் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்து எங்களை எல்லாம் நிற்க வைத்துப் பேசினார். இனி முதலாளி, தொழிலாளி என்று கிடையாதாம், எல்லோரும் ஒரே டீமாம். புதுசாக யோசிக்கிற கம்பெனிதான் பிழைக்குமாம். வாசலில் ஒரு பெட்டி வைத்து, யோசனை இருந்தால் எழுதிப் போடுங்கள், நல்ல யோசனைக்குப் பரிசு என்றார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்ததை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அனு, வெளியில் ஒட்டியிருந்த ஒன்றை முழுதாக நான் படித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியுமா?

எழுதிப் போட்டேன். அந்தப் பெட்டியில் விழுந்தது என் தாள் ஒன்றுதான். சின்ன முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்குக் குக்கர் கொடுத்தார். என் படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார். கீழே என் பெயர். நானே படித்தேன்.

ஆனால் இந்த ஜனங்களை என்ன சொல்வது? படம் மாட்டிய நாளிலிருந்து வீரலட்சுமி என் முகத்தைப் பார்ப்பதில்லை. டீயைத் தூர வைத்துவிட்டுப் போகிறாள். புஷ்பவள்ளி காதில் கத்தக்கூட வருவதில்லை. ஒரு கிழவன் படித்து முன்னுக்கு வந்தால் இவர்களுக்கு வயிறு எரிகிறது. எனக்கும் கோபம் வரும். நானும் பேசப்போவதில்லை.

உன் அப்பா


ஓசூர்
3.8.2025

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

அந்தத் தாளில் என்ன எழுதினீர்கள்? கடிதம் முழுக்கப் படித்தேன், அதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

நீங்கள் சீடை சுற்றுகிறவர் இல்லை, பொரிக்கிறவர். வெட்டுப்பட்டது யார் விரல்? மாவு தூவியது யார்? ஜூன் மாதம் நீங்களே எனக்கு எழுதினீர்கள். குக்கரில் அம்மா என்ன சமைக்கிறாள்?

அனுசுயா


கண்டரமாணிக்கம்
17.8.2025

மகள் அனுசுயாவுக்கு,

இங்கு சுகம். நீ இப்படி எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் நான் எழுதப் படித்திருக்கவே மாட்டேன். அப்பனைக் கேள்வி கேட்கிற கடிதம் படிக்கவா இந்த வயதில் சிலேட்டைப் பிடித்தேன்?

நான் என்ன திருடிவிட்டேன்? கம்பியில் சீடை சுற்றலாம், வேலை சீக்கிரம் முடியும் என்று எழுதினேன். உண்மைதானே? கீழே பெயர் போட வேண்டும். எங்கள் மேசையில் எட்டுப் பேர். எட்டுப் பேர் பெயரையும் எழுத அந்தத் துண்டுத் தாளில் இடம் இல்லை. எனக்கு நன்றாக எழுத வருவது என் பெயர் ஒன்றுதான். அதை எழுதினேன். வீரலட்சுமி பெயரை எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக வந்தது, அடித்துவிட்டேன். முதலாளி கையில் போகிற தாள் அடித்தல் திருத்தலோடு போகலாமா என்று வேறு தாளில் என் பெயரை மட்டும் எழுதிப் போட்டேன். இதுதான் நடந்தது.

இதற்குப் போய் என்னை ஊர்ப்பகை போலப் பார்க்கிறார்கள். சின்ன முதலாளி அன்றாட அளவைக் கூட்டிவிட்டார். கம்பி இருக்கிறதே, அதனால் முடியும் என்கிறார். மூன்று மணி போய், வேன் வரும் வரை இப்போது வேலை. பெண்கள் காலை நீட்டுவதில்லை. எனக்கும்தான் வகுப்புப் போய்விட்டது. எனக்கு நஷ்டம் இல்லையா? அதை யாராவது கேட்டார்களா?

வேன் நம் ஊரில் நின்றபோது வீரலட்சுமி உன் அம்மாவிடம் சொன்னாளாம்: "அண்ணனுக்கு எழுதத் தெரியாதப்ப எங்களுக்கு ஒரு குறையுமில்லக்கா. இப்ப எழுதக் கத்துக்கிட்டு எங்க பொழப்பை எழுதிக் குடுத்துட்டாக." உன் அம்மா வீட்டுக்கு வந்து குக்கரைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். "அதுல சோறு வச்சா எனக்கு எறங்காது" என்கிறாள். வீட்டிலும் நான்தான் குற்றவாளி.

நீயாவது என் பக்கம் பேசு.

அப்பா


கண்டரமாணிக்கம்
7.9.2025

அனு,

போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் யாரோ எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தேன். அந்த விலாசத்தில் நீ இல்லையாம். உன் அம்மா போன் போட்டாள். "நல்லா இருக்காளாம், வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருக்காளாம்" என்கிறாள். ஹாஸ்டல் என்ன ஆயிற்று என்று கேட்கச் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ரூம் மாத்தியிருக்கா" என்கிறாள். புது விலாசத்தைக் கேட்டு வாங்கி, பழைய கடிதத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இங்கே என்னிடம் ஒருவரும் பேசுவதில்லை. காது கேட்காதவனிடம் பேசாமல் இருப்பது சுலபம். அடுப்புப் பக்கம் வந்து என் காதில் கத்தினால்தான் எனக்குப் பேச்சு. வரமாட்டோம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

நீயுமா?

அப்பா


ஓசூர், புது அறை
14.9.2025

அப்பாவுக்கு,

உடம்பு நலம். இனி உங்களிடம் மறைக்கப்போவதில்லை. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

மே மாதமே என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு வேலை இல்லை. கையில் இருந்ததை வைத்து ஹாஸ்டலில் இருந்தேன், அது முடிந்ததும் வெளியே வந்தேன். இப்போது ஒரு குடோனில் பெட்டி கட்டுகிறேன்.

ஏன் எடுத்தார்கள் தெரியுமா? எங்கள் லைனில் ஏழு பெண்கள். பாகங்கள் வைக்கும் தட்டுகளை இடம் மாற்றி அடுக்கினால் எழுந்து எழுந்து போக வேண்டாம் என்று டீ குடிக்கும்போது பேசிப் பேசிக் கண்டுபிடித்தோம். இடுப்பு வலி குறைந்தது. ஒருவர் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர மற்றவர்களால் சமாளிக்க முடிந்தது. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். லைன் லீடர் ஹரீஷ் அதைப் படம் எடுத்து, மீட்டிங்கில் தன் யோசனை என்று காட்டினான். அவனுக்குக் கைதட்டினார்கள். எங்களையும் தட்டச் சொன்னார்கள், தட்டினோம். அடுத்த மாதம், ஏழு பேர் வேலையை ஐந்து பேர் செய்யலாமே என்றார்கள். போனது நானும் இன்னொருத்தியும்.

அவன் கெட்டவன் இல்லை அப்பா. அவனும் உங்களைப் போலத்தான், மேலே காட்ட ஒரு நல்ல தாள் கிடைத்தால் போதும் என்று இருந்தான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அன்றாட அளவைக் கூட்டியதோடு உங்கள் முதலாளி நிற்கமாட்டார். எட்டுப் பேர் எதற்கு என்று அடுத்துக் கேட்பார். வீரலட்சுமி அக்காவுக்கு வீட்டுக்காரர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பக்கம் பேசச் சொன்னீர்கள். நான் உட்கார்ந்திருந்தது அந்த அக்கா உட்கார்ந்திருக்கிற இடத்தில். அங்கிருந்து பேசுகிறேன்.

அனுசுயா


கண்டரமாணிக்கம்
5.10.2025

என் மகள் அனுசுயாவுக்கு,

நீ பெட்டி கட்டும் கையால் எழுதியதைப் படித்தேன். உன் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வார்த்தையாக என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. "மொதல்ல போயி அந்தக் கம்பெனில வாயத் தொறங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனேன். தீபாவளி ஆர்டருக்காகச் சின்ன முதலாளி மேசைப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். கரண்டியை வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். "தம்பி, அந்தக் கம்பி எனக்குச் சொந்தமில்ல. வீரலட்சுமி ஆரம்பிச்சது, இவுக எல்லாரும் முடிச்சது. நான் பொரிச்சது மட்டுந்தான். படத்தைக் கழட்டிருங்க. அளவைப் பழையபடி ஆக்குங்க" என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றேன். சத்தமாகச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. சுற்றிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துப் பெரிய எழுத்தில் தட்டி, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அனு, எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும் என்று அவருக்குத் தெரியாது. மனசுக்குள் படிக்க வகுப்பில் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குள்தான் வகுப்புப் போய்விட்டதே. என் குரல் எவ்வளவு பெரியது என்றும் எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"தீபாவளி வரை பொறுங்கள் அண்ணே. அதற்குப் பிறகு வீரலட்சுமியும் புஷ்பவள்ளியும் தேவையில்லை. ஆறு பேர் போதும். உங்கள் வேலைக்கு ஆபத்து இல்லை. யாரிடமும் சொல்லாதீர்கள்."

கடைசி வார்த்தையைப் படித்து முடித்துத்தான் நிமிர்ந்தேன். எல்லோரும் கையை மாவில் வைத்தபடி என்னையே பார்த்தார்கள். சின்ன முதலாளி போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

புஷ்பவள்ளி எழுந்தாள். அவள் கத்தியது எனக்கே கேட்டது. "ஒரே டீமுன்னீகளே, டீமுல ரெண்டு பேரை எப்பங்க கழிச்சீக? தீவாளி வரைக்கும் எங்க கை இனிக்குமாக்கும்?"

வீரலட்சுமி கம்பியை எடுத்து, சேலை முந்தானையில் துடைத்து, முதலாளி கையில் கொடுத்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு துண்டு மாவை எடுத்து விரலில் சுற்றினாள். பக்கத்தில் இருந்தவளும் சுற்றினாள். வரிசையாக எல்லோரும் விரலுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

நான் அடுப்புக்குத் திரும்பினேன். வருகிற சீடையைப் பொரித்தேன். கொஞ்சமாகத்தான் வந்தது.

இன்னும் என்னிடம் யாரும் பேசவில்லை. பேச வேண்டாம். எனக்கு என் மேலேயே கோபம் தீரவில்லை.

அப்பா


ஓசூர்
12.10.2025

அன்புள்ள அப்பா,

குளிர் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி சுகம். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக் கொடுங்கள். இந்த நேரத்தில் விட்டுவிடுவாள்.

கடிதத்தைக் குடோனில் வைத்துப் படித்தேன், நானும் வாய்விட்டு. சூப்பர்வைசர் வந்து என்ன சத்தம் என்றார். ஊர்க் கடிதம் என்றேன்.

ஆனால் பயமாக இருக்கிறது. வேறு ஆட்களை வைத்துக் கம்பியில் உருட்டச் சொன்னால்? எங்கள் லைனில் மீதி ஐந்து பேரை வைத்து அப்படித்தான் ஓட்டினார்கள். ஏழு பேரில் ஒருத்திகூட அன்றைக்கு எழுந்திருக்கவில்லை அப்பா. நானும்தான். எடுக்கப்போவது என்னை என்று தெரியாதவரைக்கும் நானும் குனிந்துதான் இருந்தேன். உங்களிடம் அவ்வளவு கோபமாக எழுதினேன், இதை எழுதவில்லை.

என்ன ஆயிற்று என்று உடனே எழுதுங்கள். மெதுவாக எழுதினாலும் சரி.

அனு


கண்டரமாணிக்கம்
26.10.2025

அன்பு மகளுக்கு,

தீபாவளிக்கு நீ இல்லாத வீட்டில் உன் அம்மா பணியாரம் சுட்டாள். மாத்திரை போடுகிறாள். எனக்கு இருமல் இருந்தது, விட்டுவிட்டது.

நீ பயந்தது போலத்தான் நடந்தது. ஒக்கூர்ப் பக்கமிருந்து புது ஆட்களை வேனில் ஏற்றி வரச் சொன்னார் சின்ன முதலாளி. ஈஸ்வரன் வண்டிச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே ஓட்டிக்கிட்டுப் போயி ஏத்திக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான். ஆட்டோவில் நாலு பேர் வந்தார்கள். கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் மேசையைப் பார்த்தார்கள். வீரலட்சுமி அவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்து, யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று சொன்னாள். டீயைக் குடித்துவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்கள்.

சிங்கப்பூருக்குப் போக வேண்டிய தீபாவளி ஆர்டர் பாதிதான் தயார். கல்யாண வீட்டுக்காரர்கள் போன் மேல் போன். தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை சின்ன முதலாளி மேசை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கோபமாகத்தான் உட்கார்ந்தார். "உங்களுக்காகத்தானே பெட்டி வச்சேன், பரிசு குடுத்தேன். இப்படிக் கழுத்தைப் புடிச்சா நான் எப்படித் தொழில் பண்றது?" என்றாராம். எனக்குப் புஷ்பவள்ளி காதில் கத்திச் சொன்னாள். ஆமாம், புஷ்பவள்ளி கத்திச் சொன்னாள்.

வீரலட்சுமி கேட்டாளாம்: "வெட்டுப்பட்டது எம் வெரலு. அதுல வந்த லாபத்துல என்னையவே வெளிய தள்ளுவீகளா? ஒங்க வீட்டுல இப்படி யாராச்சும் செஞ்சா விடுவீகளா?" அவர் அடித்துக்கொண்டிருந்த போனை அணைத்தார். பிறகு, யாரையும் வேலையை விட்டு எடுக்கப்போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அளவைக் கொஞ்சம் குறைத்தார். பழையபடி ஆகவில்லை. மூன்று மணி போனது போனதுதான். அதற்கு என்னை யாரும் மன்னிக்கவில்லை. வீரலட்சுமி அதை மறைக்கவும் இல்லை. "கோவம் இருக்குண்ணே. இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சாப்பிடும்போது உன்னைப் பற்றிச் சொன்னேன். உன் வேலை போனது, ஹரீஷ் கைதட்டு வாங்கியது எல்லாம். நீ குனிந்து இருந்தேன் என்று எழுதினாயே, அதையும் சொன்னேன். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. வீரலட்சுமி மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "நம்ம அனுவையா?" என்றாள். உன்னைக் கைக்குழந்தையாக இடுப்பில் வைத்திருந்தவள் அவள். அந்த ஹரீஷுக்கு ஒரு கடிதம், அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டுமாம். புஷ்பவள்ளியும் இரண்டு வரி வைத்திருக்கிறாளாம். அது அச்சில் ஏறுகிற வார்த்தை இல்லை, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் வேலை அதனால் திரும்பி வரும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. ஆனாலும் அவன் படிக்க வேண்டும்.

அந்த ஹரீஷின் விலாசத்தை உடனே அனுப்பு. அடுத்த வாரம் அவனுக்கு எழுதுகிறோம்.

உன் அப்பா
மாயக்கண்ணன்